ஏழு மூட்டைக் கடல்

வானகரத்துச் சுண்ணாம்புக் காளவாயில் வேம்புலியம்மாளின் சல்லடைக்கு இருந்த மரியாதை காளவாய் முதலாளிக்குக்கூட இருந்ததில்லை. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் படகேறிக் கால்வாய் வழியாகப் பட்டணம் வரும். அங்கிருந்து வண்டியேறி வானகரம் வரும். அதைச் சலித்து, முழுசு முழுசாக இருப்பதைக் கரியோடு அடுக்கி எரித்தால்தான் சுண்ணாம்பு. நொய் கலந்துவிட்டதோ, போச்சு. காற்றுப் போக வழியில்லாமல் நெருப்பு நடுவிலேயே படுத்துவிடும், மூன்று நாள் வேலை குப்பைக்குப் போகும். ஆகையால் சலிக்கிறவள் கையில்தான் எல்லாம் இருந்தது. வேம்புலி சலித்த குவியலில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சிப்பியைக் காட்டிவிட்டால் தன் மூக்கை அறுத்துக்கொள்வதாக, உடன் வேலை செய்த தாயம்மா பந்தயம் கட்டுவாள். கடைசிவரைக்கும் தாயம்மா மூக்கோடுதான் இருந்தாள்.

காளவாயில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு படகுக் கிளிஞ்சலை இன்னொரு படகுக் கிளிஞ்சலோடு கலக்கக் கூடாது. ஒரு படகுச் சரக்கில் உப்பு மிஞ்சியிருக்கலாம், இன்னொன்றில் சேறு இருக்கலாம். கலந்துவிட்டால் கெட்டது எது என்று கண்டுபிடிக்க முடியாது. கழித்துப் போடுகிற நொய்யைக்கூடத் தனித்தனியாகக் கொட்டி, நடுவில் அரைச் செங்கல் ஒன்றை வைப்பார்கள். நொய்யை எதற்குப் பிரித்து வைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் வேம்புலிக்குக் கோபம் வந்துவிடும். வைக்கணும், வைக்கிறோம், அவ்வளவுதான் என்பாள்.

குள்ளமான உருவம். நின்றால் மற்றவர்கள் தோளுக்குத்தான் வருவாள். குரல் மட்டும் கூவம் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அந்தக் குரல் பிறவியிலேயே வந்ததில்லை. ஒரு காலத்தில் வேண்டிய நேரத்தில் வராமல் போன குரல் அது. அந்தக் கதையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. இடம் வரும்போது நான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் அவளைத் தேடிக்கொண்டு சைக்கிளில் ஒருவர் வந்தார். பெயர் ஜெயபால். பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் மண்ணையும் கல்லையும் பற்றிப் பாடம் சொல்லுகிறவர், குடியிருப்பது பூந்தமல்லியில். அரியலூர்ப் பக்கம் நிலத்தைத் தோண்டி, பதினைந்து மூட்டை மண்ணை ரயிலில் எழும்பூருக்கு ஏற்றி, அங்கிருந்து வண்டி கட்டிப் பூந்தமல்லி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். மண்ணைத் தொட்டியில் ஊறவைத்துக் கரைத்து அதிலிருக்கும் சிப்பிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். தாம் கல்லூரிக்குப் போய்விடுவதால், கிளிஞ்சல் தெரிந்த ஆள் தேவை என்றார். அரியலூரில் ஏது கடல் என்று வேம்புலி சிரித்தாள். இருந்தது, எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் என்று அவர் சொன்னார். பாவம், படித்துப் படித்து ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் நல்ல மனுஷராகத் தெரிந்தார். மறுநாளே சல்லடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் எட்டு மூட்டையில் அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. உள்ளங்கை அகலச் சிப்பிகள், ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட கல் ஓடுகள், எண்ணூர்க் கிளிஞ்சலில் அவள் கண்ணால் காணாத ஜாதிகள். கடல் மெய்யாலுமே இருந்திருக்கிறது! சாயங்காலம் ஜெயபால் வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். அவர் காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பார். அவர் மனைவி ஞானகுமாரி அந்தக் காப்பியை மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்து, இந்த வீட்டில் உயிரோடு இருப்பவர்களையும் கொஞ்சம் கவனிக்கலாம் என்பாள்.

மீதி ஏழு மூட்டையைத்தான் ஜெயபால் கண்போலக் காத்தார். ஆட்டுக்கொம்புச் சுருள்களும் இன்னும் பல ஜாதிகளும் ஒரு கட்டத்தில் கூண்டோடு அழிந்துவிட்டனவாம். ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். அந்த அழிவுக்கு அடுத்து, அதன்மேல் படிந்த மண்தான் இந்த ஏழு மூட்டையும். அடியிலிருந்த மண்ணுக்கு ஒரு புள்ளி, அதற்கு மேலிருந்ததற்கு இரண்டு, இப்படி ஏழுவரைக்கும் மூட்டைகளில் மையால் புள்ளி வைத்திருந்தார். அத்தனை பெரிய சாவுக்குப் பிறகு அந்தக் கடலில் யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பதுதான் அவர் கேள்வி. அதைக் கட்டுரையாக எழுதிக் கல்கத்தாவில் பெரிய பெரிய ஆட்கள் கூடுகிற சபையில் படிக்கப்போகிறார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரயில்.

வேம்புலி புள்ளி வரிசை தவறாமல் கரைத்தாள், அலசினாள், சலித்தாள். ஒரு புள்ளி மூட்டையில் சல்லடைமேல் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டிலும் இல்லை. ஐந்துவரைக்கும் இல்லை. ஆறில் ஒரு கைப்பிடி. ஏழில் திமுதிமுவென்று பெரிய சிப்பிகள். ஜெயபால் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார், வேறே ஒன்றுமே இல்லையா என்று.

“ஒண்ணும் இல்ல வாத்தியாரே. என் சல்லடையத் தாண்டி எதுவும் போவாது.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வேம்புலி சொன்னால் சொன்னதுதான். மூட்டைக்கு ஒன்றாக வைத்திருந்த பெட்டிகளில் முதல் ஐந்தின்மேல் ‘வெறும் மண், உயிர் இல்லை’ என்று சீட்டு எழுதி ஒட்டினார். வெகுகாலம் வெறும் கடல், பிறகு எங்கிருந்தோ திடுமென வந்து நிறைந்த கூட்டம். கட்டுரை அப்படித்தான் எழுதப்பட்டது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது வேம்புலிக்குத் தன் சொல்லும் பெட்டியில் ஏறிவிட்டதாகக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

சல்லடையிலிருந்து கீழே விழுந்தது என்ன ஆயிற்று? நல்ல கேள்வி. அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. வாசற்படியிலிருந்து தெருக்கதவுவரைக்கும் இருபது தப்படி நீள நடைபாதை. அது முழுக்கச் சேறு. சேற்றுக் காலோடு வாத்தியார் உள்ளே வருகிறார் என்று ஞானகுமாரி தினமும் ஒரு பாட்டுப் பாடினாள். காளவாயில் நொய்யை என்ன செய்வார்களோ அதையே வேம்புலி இங்கேயும் செய்தாள். ஒரு புள்ளி மூட்டையின் நொய்யைப் படியண்டை பரப்பினாள். அடுத்ததை அதற்கு அடுத்து. நடுநடுவே அரைச் செங்கல். சேறு அடங்கி, நடை சொன்னபடி கேட்டது. ஞானகுமாரி மனம் குளிர்ந்து அவளுக்கு ஒரு பழைய சேலை கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது நடையைப் பெருக்கச் சொன்னார்கள். முந்தின நாள் பெய்த கடைசி மழை மண்ணையெல்லாம் அலசிக்கொண்டு போயிருந்தது. படியண்டை குந்திய வேம்புலி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். நொய் என்றால் உடைசல். அவள் காலடியில் கிடந்ததில் உடைசலே இல்லை. எல்லாம் உளுந்தளவு. எல்லாம் முழுசு.

சரி, குஞ்சுகளாக இருக்கும் என்று ஒன்றை நகத்தில் ஏந்தி வெயிலில் பார்த்தாள். கிளிஞ்சல் வளர வளர ஓட்டின்மேல் வளையம் விழும். கிழட்டுச் சிப்பிக்கு விளிம்போரத்தில் வளையங்கள் நெருக்கி நெருக்கிக் கிடக்கும். காளவாயில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உளுந்தளவு ஓட்டின் விளிம்பில் எண்ண முடியாதபடி நெருக்கமாக வளையங்கள்! இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படித்தான். இவை குஞ்சுகள் இல்லை. வளர இடமும் வழியும் கிடைக்காமல், இந்த அளவிலேயே வாழ்ந்து கிழமாகிச் செத்த சிப்பிகள். ஆயிரக்கணக்கில் இருந்தன. வாத்தியார் வெறும் கடல் என்று எழுதிய கடலில் கூட்டம் நெரிந்திருக்கிறது. அதை வெறுமையாக்கியது அவளுடைய சல்லடை.

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். வேலை முடிந்தது என்று ஞானகுமாரியிடம் சொல்லிவிட்டு, வேலை முடியாமலே வீட்டுக்கு வந்தாள்.

புருஷன் வீராசாமி கிளிஞ்சல் வண்டி ஓட்டுகிறவன். நல்லவன்தான், சிக்கலைக் கண்டால் மாட்டை வேறு பக்கம் திருப்புகிற ஜாதி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாய மூடிக்கினு கம்முனு இருமே. அவுரு கல்கத்தாவுல போயி இன்னா படிச்சா இன்னா? அங்கேர்ந்து எவன் வந்து உன் சல்லடையப் பாக்கப் போறான்?” என்றான். சொன்னால் வேலை போகும், அது மட்டுமா, காளவாயிலும் பேர் கெடும், வேம்புலி சல்லடை ஊரை ஏமாற்றின சல்லடை என்று தாயம்மாவே சிரிப்பாள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் அவள் சம்பாதித்தது. சொல்லாவிட்டாலோ, இவளை நம்பின மனுஷன் அத்தனை பேருக்கு நடுவில் எழுந்து நின்று பொய்யைப் படிப்பார். என்றைக்காவது ஒருவன் அரியலூருக்குப் போய் மாவுச் சல்லடையில் சலித்துப் பார்ப்பான். அன்றைக்கு அவர் தலை குனிய வேண்டும்.

இத்தனையும் நியாயம்தான். ஆனால் அவளை உட்காரவிடாமல் அடித்தது வேறொன்று. சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

பதினெட்டாம் வருஷத்துக் காய்ச்சலில் காளவாய்த் தெருவின் பதினோரு வீடும் காலியாயின. செத்தவர்கள் செத்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். வேம்புலிக்கு அப்போது வயது பதினேழு. முதல் புருஷன், மாமியார், மாமனார், ஆறு மாதக் கைக்குழந்தை, எல்லாரும் பன்னிரண்டு நாளில் போனார்கள். அவள் மட்டும் காய்ச்சலோடு கிளிஞ்சல் கொட்டகையில் சுருண்டு கிடந்தாள். ஒரு காலையில் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். உயிரோடு இருப்பவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்கான கணக்கு. வீடு வீடாக எட்டிப் பார்த்து, கதவுகளில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். இவள் கொட்டகை வாசலுக்குத் தவழ்ந்து வந்து கையைத் தூக்கினாள். கூப்பிட வாய் திறந்தாள், குரல் வரவில்லை. மூட்டைகளுக்கு நடுவில் அத்தனை சின்ன உருவம் அவர் கண்ணில் படவில்லை. தெருவில் யாருமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கஞ்சி வண்டி அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. ஒன்பது நாள் அவள் எதைத் தின்றாள் என்பதை வீராசாமியிடம்கூடச் சொன்னதில்லை.

பிறகு தெரு எப்படி நிறைந்தது? ஒரு வருஷம் அவள் அடுப்பு ஒன்றுதான் புகைந்தது. அப்புறம் பொன்னம்மாள் என்று ஒருத்தி ஓர் ஆட்டோடு வந்தாள். பிறகு வீராசாமி வண்டியோடு. பிறகு சண்டை, கல்யாணம், பிள்ளைகள். எங்கிருந்தோ திடுமென வந்த கூட்டமா அது? அவள் இருந்தாள், ஐயா. முதலிலிருந்தே இருந்தாள்.

மறுநாள் காலை ஜெயபால் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் நடைக்கு இறங்கி வந்தார்.

“வாத்தியாரே, அந்த அஞ்சு பெட்டி வெறும் பெட்டி இல்ல. நான்தான் காலி பண்ணேன். காளவா பழக்கத்துல சின்னதெல்லாம் நொய்யின்னு தள்ளிட்டேன். அதுங்க நொய்யி இல்ல. மெய்யாலுமே கிழடுங்க.”

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஏறவில்லை. ஏறினதும் இரண்டடி முன்னால் வந்தார். எங்கே தள்ளினாய் என்று கேட்டார்.

“நீங்க நிக்கிற எடம்தான்.”

தணலை மிதித்தவர் மாதிரி அவர் படிக்குத் தாவினார். செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “அஞ்சு மாசம், வேம்புலி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஞானகுமாரி ஜன்னலில் நின்று இவளைப் பார்த்தாள். இவள் தலை குனிந்தாள். தொட்டியண்டை மாட்டியிருந்த சல்லடையை எடுத்துக்கொண்டு, நடையை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து தெருவுக்கு வந்தாள். பூந்தமல்லியிலிருந்து வானகரம்வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். வழியில் தெரிந்தவர்கள் கேட்டதற்கு, கண்ணில் தூசி என்றாள்.

கிறிஸ்துமஸ் போயிற்று. மறுநாள் பூந்தமல்லிப் பக்கம் போய் வந்த வீராசாமி, வண்டியை அவிழ்ப்பதற்குள் கத்திக்கொண்டே வந்தான். “அந்த ஆளு ஊருக்குப் போவலமே! நடையில மண்டி போட்டுக்கினு கண்ணாடி வச்சிப் பாத்துக்கினு கீறாரு. ஊட்ல எல்லாரும் கொல்லப் பக்கமா போய் வந்துகினு கீறாங்க!”

அன்று பிற்பகலே சைக்கிள் மணி கேட்டது. ஜெயபால் நான்கு நாள் தாடியோடு, ஞானகுமாரியின் மாவுச் சல்லடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுரையைப் படிக்கப் போவதில்லை என்று கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டாராம். கோபமெல்லாம் அன்றைக்கே போய்விட்டது, வெட்கம்தான் போகவில்லை என்றார். சல்லடைக் கண் எவ்வளவு பெரிசு என்று கேட்காமல் வேலை வாங்கினது தம் தப்பு என்றார். அவள் அரைச் செங்கல் வைத்த இடங்களைக் கண்டுபிடித்தபோது தமக்கு அழுகையே வந்துவிட்டது என்றார். படியிலிருந்து தெருக்கதவுவரைக்கும் கடல் வரிசையாகக் கிடக்கிறது. நீ வந்து பார் என்றார்.

போனாள். முதல் செங்கல்வரைக்கும் ஒரே ஜாதிச் சிப்பி, அத்தனையும் உளுந்தளவு. இரண்டாவதில் மூக்குத்தித் திருகு மாதிரி ஒரு சின்னச் சங்கு கூடச் சேர்ந்திருந்தது. மூன்றாவதில் ஐந்து ஜாதி. நான்காவதில் உளுந்தளவு பட்டாணியளவாகியிருந்தது. அங்கேதான் வேம்புலி ஒரு சிப்பியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஓட்டின் நடுவில் துளை. ஊசியால் போட்டது மாதிரி வட்டமாக. எண்ணூர்க் கிளிஞ்சலிலும் இப்படி வரும். ஒரு சங்குப் பூச்சி துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். காளவாயில் அதற்குத் திருடன் துளை என்று பெயர். முந்தின மூன்று கட்டத்திலும் அந்தத் துளை இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கண்ணாடியோடு ஓடிப் போய் வெகுநேரம் தேடிவிட்டு இல்லை என்றார்.

“அப்போ இங்கதான் ஊரு செழிச்சிருக்குது, வாத்தியாரே. ஊட்ல ஒண்ணுமில்லாதவன்கிட்ட எந்தத் திருடன் வருவான்?”

ஜெயபால் சிரித்த சிரிப்பில் ஞானகுமாரி காப்பியோடு ஓடி வந்தாள். அந்தக் காப்பியும் ஆறித்தான் போயிற்று.

வீட்டு நடையைச் சான்றாகக் காட்டினால் சபையில் கைகொட்டிச் சிரிப்பார்கள் அல்லவா? அதனால் அடுத்த கோடையில் ஜெயபாலும் ஞானகுமாரியும் அவளையும் அரியலூருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். பிறந்ததிலிருந்து திருநின்றவூரைத் தாண்டாதவள், மாவுச் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தாள். அதே இடத்தில் புதிதாகத் தோண்டிய மண்ணைத் தன் கையாலேயே கரைத்துச் சலித்தாள். நடையில் கிடந்த வரிசையேதான் மண்ணிலும் இருந்தது. ஜெயபால் பழைய ஐந்து சீட்டையும் கிழித்துப் போட்டு, ஒரு வருஷம் தாமதமாக வேறு கட்டுரை படித்தார். சபையில் யாரும் எழுந்து நின்று கை தட்டிவிடவில்லை. இரண்டு பேர் நல்ல கேள்வி கேட்டார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வேம்புலி காளவாயிலும் சலித்தாள், வாத்தியார் வீட்டிலும் சலித்தாள். இங்கே பெரிய கண், அங்கே சின்னக் கண். நடந்ததைத் தாயம்மாவிடம் தானே சொன்னாள். தாயம்மா மூன்று நாள் சிரித்தாள், நான்காம் நாள் மறுபடி பந்தயம் கட்ட ஆரம்பித்தாள்.

நாற்பத்தொன்றாம் வருஷம் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கக் காளவாய்த் தெருவுக்கு ஒரு குமாஸ்தா வந்தார். தெருவில் அப்போது பதினெட்டு வீடு. வேம்புலி காலையிலிருந்தே தெருமுனையில் அவருக்காகக் காத்திருந்தாள். வீடு வீடாக அவளும் கூடவே போனாள். அவர் வேண்டாம் என்றாலும் போனாள். கடைசி வீட்டை எழுதிவிட்டு அவர் பேனாவை மூடினார். கிளிஞ்சல் கொட்டகையைக் காட்டி, அதையும் பார்க்க வேண்டும் என்றாள். அது கொட்டகைதானே அம்மா, அங்கே மூட்டைதானே இருக்கும் என்றார் அவர், வெயிலில் களைத்துப் போய்.

“உள்ள பாத்துட்டு எழுதுய்யா.”

அந்தக் குரலுக்கு யார்தான் மறுப்பார்கள்? குமாஸ்தா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மூட்டைகளுக்குப் பின்னால், போன வாரம் திருமழிசைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருபது நாள் குழந்தை. அவர் பேனாவைத் திறந்து அவள் பெயரைக் கேட்டு எழுதினார். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று அவள் சொன்னாள். பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று அவர் தயங்கினார்.

வேம்புலி குழந்தையை வாங்கி, அவர் நன்றாகப் பார்க்கும்படி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.

“பேரு அப்பறம் வெப்பாங்க. ஆளு கீதுன்னு மொதல்ல எழுதிக்கோ.”

அவர் எழுதி முடிக்கிறவரைக்கும் அவள் கையை இறக்கவில்லை.